எல்லைப்புறப் பாளையங்கள்

பழனிமலைத் தொடரின் வடக்கு அடிவாரத்தில், பழனிக்குச் சில கல் தொலைவு கிழக்கே ஆயக்குடி என்னும் ஊர் உள்ளது. தெற்கே முகில் தவழும் மலை. வடக்கே பரந்த சமவெளி. இடையே மலைநீரைத் தேக்கும் குளங்கள். இன்று கொய்யாத் தோட்டங்களால் பெயர் பெற்றுள்ள இவ்வூர், முற்காலத்தில் ஒரு பாளையத்தின் தலைமையிடமாய் விளங்கிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நிலம் போர்ப்படைகள் மாறி மாறி நடந்த எல்லைப்புறமாகவும் இருந்தது.

பாளையம் என்னும் சொல்லுக்குப் படை தங்கும் இடம் என்பது பொருள். மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு பல பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. பாளையக்காரர் தம் பகுதியில் வரி தண்டினர். ஊர்க் காவலை மேற்கொண்டனர். போர்க்காலத்தில் அரசருக்குப் படை அனுப்பினர். திண்டுக்கல் சீமையின் பாளையக்காரருள் பலர் வடக்கிலிருந்து வந்து குடியேறிய, தெலுங்கு பேசும் நாயக்கர் குடியினர். அவர்களுடன் தமிழும் கன்னடமும் பேசிய உழவரும் ஆயரும் வாழ்ந்தனர். காடு திருத்தி, குளம் வெட்டி, கோயில் எழுப்பிய அவர்களுக்கு, வந்து குடியேறிய மண்ணே சொந்த மண்ணாயிற்று.

நாயக்கர் பேரரசு மறைந்தபின் இச்சீமைக்கு ஓய்வில்லை. மைசூரிலிருந்து கொங்கு நாட்டின் வழியாக மதுரைக்குச் செல்லும் பாதை இதனூடே சென்றது. அப்பாதையைக் காத்து நின்றது திண்டுக்கல் மலைக்கோட்டை. ஆகவே மைசூர் அரசும் ஆங்கிலக் கம்பெனியும் அதனைக் கைப்பற்ற முனைந்தன. கம்பெனிப் படை 1767இல் கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டே அதனை இழந்தது. 1783இல் மீண்டும் பிடித்தது. 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடம் திருப்பிக் கொடுத்தது. 1790இல் மூன்றாம் முறை பிடித்தது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கம்பெனிக்கே உரியதாயிற்று.

கோட்டையில் பறக்கும் கொடி இவ்வாறு மாறுந்தோறும் சிற்றூர்களின் நிலை என்னவாகும்? ஒருவருக்குத் திறை செலுத்தினால், அடுத்து வருபவர் அதனையே குற்றமாகக் கொள்வார். செலுத்த மறுத்தாலோ, பாளையம் பறிபோகும். எப்பக்கம் வென்றாலும், படைகளுக்கு நெல்லும் மாடும் வண்டியும் உழவரிடமிருந்தே பெறப்பட்டன. இந்நிலையில் ஒரே கொடியின்பால் என்றும் மாறாப் பற்றுக் கொள்ளுதல் எளிதன்று. குடியும் குளமும் கழனியும் காக்கப்பட வேண்டும் என்பதே பலரது முதற் கவலையாயிற்று.

இதற்கு விருப்பாட்சிப் பாளையம் தக்க சான்றாகும். மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லில் ஆட்சி செலுத்திய ஐதர் அலி, தொடக்கத்தில் பழனி, விருப்பாட்சி முதலிய பாளையங்களைப் படைவலியால் அடக்கினார். ஆனால் 1772இல் கணவரையும் நாட்டையும் இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியாருக்கு விருப்பாட்சி அடைக்கலம் அளித்தபோது, அதே ஐதர் அலி துணைவரானார். அவர் உதவியுடன் 1780இல் அரசி சிவகங்கையை மீட்டார். நேற்றைய பகைவர் இன்றைய நண்பரானதற்குக் காரணம் வஞ்சகம் அன்று. பொதுப் பகை ஒன்று தோன்றியதேயாகும்.

கம்பெனியின் ஆட்சி நிலைத்தபின் பாளையக்காரரின் பழைய உரிமைகள் குறுகின. வரிச்சுமை ஏறிற்று, படை வைத்திருக்கும் உரிமைக்கும் காவல் உரிமைக்கும் இடையூறு நேர்ந்தது. விருப்பாட்சிக் கோபால நாயக்கர் அண்டைப் பாளையக்காரர் பலரை ஒன்றுசேர்த்துத் திண்டுக்கல் கூட்டமைப்பை உருவாக்கினார். 1800ஆம் ஆண்டு சூன் திங்களில் கோயம்புத்தூரிலிருந்த கம்பெனிப் படையைத் தாக்கும் முயற்சி தோல்வியுற்றது. 1801இல் கோபால நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

எனினும் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரத்தாரும் கம்பெனியின் பக்கம் நின்றனர். சிவகங்கை மருது சகோதரர் அதனை எதிர்த்து உயிர் துறந்தனர். ஒரே நிலத்தில், ஒரே காலத்தில், ஒரே வகைக் குடிகளில் பிறந்தவர்களே இவ்வாறு பிரிந்து நின்றனர். முடிவுகளும் வேறுபட்டன. எதிர்த்த விருப்பாட்சி தன் பாளையத்தை இழந்தது. ஆயக்குடியோ ஆங்கிலேயர் காலத்திலும் ஜமீனாக நீடித்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஜமீன் முறை ஒழிக்கப்பட்டது.

உரிமைக்காக உயிர் ஈந்தவரின் புகழ் என்றும் நிலைக்கும். ஆயினும், இரு வலிய அரசுகளின் இடையே அகப்பட்ட எளிய குடிகளைத் துரோகிகள் என்றோ கோழைகள் என்றோ எளிதில் கூறிவிடுதல் நேர்மையன்று. கொடிகள் பல மாறியபோதும் ஏரிக்கரையைக் காத்து, விதைநெல்லைப் பேணி, மண்ணை விட்டு நீங்காது நின்றவர்கள் அவர்களே. ஆயக்குடியின் பசிய வயல்கள் அவர்களது உழைப்பின் வழிவந்த செல்வமாகும்.