பெட்டியில் விழுந்த காசு எங்கே போகிறது?



மரணம் நெருங்கிவிட்டதை அறிந்திருந்த அப்போஸ்தலனாகிய பவுல், சிறையிலிருந்து தீமோத்தேயுவிடம் கேட்டனுப்பிய பொருட்கள் மிகச் சில. துரோவாவில் விட்டுவந்த மேலங்கி ஒன்று. அதனோடு தமது புத்தகச் சுருள்கள் (2 தீமோத்தேயு 4:13). அந்த வேளையிலும் அவருக்கு வாசிப்பு வேண்டியதாயிருந்தது.

பிழைப்புக்காக ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த நம்மில் அநேகருடைய வீடு ஒரே அறை. சமையலும் உறக்கமும் ஜெபமும் அங்கேதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எங்கே உட்காரும்? இரண்டு தெரு தள்ளி அரசு நூலகம் ஒன்று இருக்கலாம். அங்கே நாற்காலி உடைந்திருக்கும். பிள்ளைகளுக்குரிய நூல்கள் நைந்திருக்கும். "அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும்" என்று நாம் கடந்து போகிறோம். அப்படிக் கடந்து போகாத சிலரைப் பற்றியதே இக்கட்டுரை.

ஐம்பது பேரின் சந்தா

1731ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பெஞ்சமின் பிராங்ளின் என்ற அச்சுத்தொழிலாளர் தம் நண்பர்களைக் கூட்டி ஒரு நூலகச் சங்கம் தொடங்கினார். 50 பேர் ஆளுக்கு 40 ஷில்லிங் முதலில் கொடுத்து, பின்பு ஆண்டுதோறும் 10 ஷில்லிங் செலுத்த உடன்பட்டார்கள். தனியொருவனால் வாங்கக்கூடாத நூல்கள் அனைவருக்கும் கிடைத்தன. ஆனால் சந்தா கட்ட முடியாத ஏழைக்கு என்ன வழி? 1833இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பீட்டர்பரோ என்னும் சிற்றூர், பொதுப் பணத்தைக்கொண்டே எல்லாருக்குமான இலவச நூலகத்தை நிறுவியது.

வரிப்பணம் வந்தபின்னும் குறைவு நீங்கவில்லை. கட்டடத்துக்கும் சம்பளத்துக்குமே அது பெரும்பாலும் சரியாய்ப் போயிற்று. அந்தத் திறப்பிலே நிற்பவர்கள்தாம் "நூலக நண்பர்கள்" என்று அழைக்கப்படும் தொண்டர்கள். அந்நாட்டின் எண்ணற்ற ஊர்களில் இவர்கள் உண்டு.

அவர்கள் பணம் சேர்க்கும் முறை எளிமையானது. ஒன்று, ஆண்டுச் சந்தா. மற்றொன்று, பழைய புத்தக விற்பனை. வீடுகளிலிருந்து வரும் நூல்களைத் தொண்டர்கள் தரம் பிரிப்பார்கள். கிழிந்ததும் பூஞ்சை பிடித்ததும் கழிக்கப்படும். நல்லவை சொற்ப விலைக்கு விற்கப்படும். கடைசி நாளில் "ஒரு பை நிறைய இவ்வளவு" என்று விற்பதும் வழக்கம்.

செலவிடுவதில்தான் அவர்களுடைய ஞானம் விளங்குகிறது. தங்களுக்குப் பிடித்ததை அவர்கள் வாங்கிக் குவிப்பதில்லை. நூலகரிடம் தேவைகளின் பட்டியலைப் பெற்று, கையிருப்புக்கு ஏற்றபடி குழுவாய்த் தீர்மானிக்கிறார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வாசிப்பு நிகழ்ச்சி, கதை நேரம், கண் மங்கிய முதியோருக்குப் பெரிய எழுத்து நூல்கள் போன்றவற்றுக்குப் பணம் செல்கிறது. சம்பளம், மின்கட்டணம் ஆகியவற்றைப் பொதுவாகத் தங்கள் தலைமேல் ஏற்றுக்கொள்வதில்லை. வரி செய்யவேண்டியதை நன்கொடை செய்யத் தொடங்கினால், அடுத்த ஆண்டு அதிகாரிகள் ஒதுக்கீட்டைக் குறைத்துவிடக்கூடும்; தொண்டர்கள் சோர்ந்துபோகும் நாளில் நூலகம் மூடப்படும். ஆதலால் வரவுசெலவுத் திட்டம் வகுக்கும் காலத்தில் நகராட்சியிடம் நூலகத்துக்காகப் பரிந்து பேசுவதும் அவர்கள் ஊழியமே.

நம் தேசத்தில்

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. கேரளத்தில் பி. என். பணிக்கர் என்ற ஆசிரியர், 1945இல் 47 சிறு நூலகங்களை ஒன்றாய் இணைத்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை உருவாக்கினார். அது ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பினால், 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் வளர்ச்சிக்கென்று அவர் கொடுத்தார். பின்பு நம்மைப்போலவே புலம்பெயர்ந்து, பெங்களூரில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார்.

அந்தப் பெங்களூர் அடங்கிய கர்நாடகத்தில், 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையின் வழியாய் அந்தப் பாரத்தில் பங்குபெறுகிறார். ஆகவே வேற்றூரார் என்று கூச்சப்பட வேண்டாம். அந்த நூலகத்தில் உங்களுக்கும் உரிமை உண்டு; அதனால் பொறுப்பும் உண்டு.

யோவாஸ் ராஜாவின் பெட்டி

2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆலயத்தைப் பழுதுபார்க்கும்படி பணம் வாங்கும் ஏற்பாடு இருந்தது. ஆனாலும் யோவாசின் இருபத்துமூன்றாம் வருஷமட்டும் பழுது அப்படியே கிடந்தது! பின்பு ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தான். ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்தே பணத்தை எண்ணினார்கள். அது வேலையை விசாரிக்கிறவர்கள் வழியாய்த் தச்சர் கைக்கும் கொத்தர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. கொடுப்பவர் கண்முன் பெட்டி, எண்ணுவதற்கு இரண்டு பேர், குறித்த வேலைக்கே செலவு. ஜனங்களின் காணிக்கை ஒழுங்காய்ச் செலவானதும் வேலை நடந்தது.

நாம் செய்யக்கூடியது

உங்கள் தசமபாகத்தை இதற்குத் திருப்பும்படி நான் சொல்லவில்லை. முதலாவது, பிள்ளையோடு நூலகத்துக்குப் போய் உறுப்பினராகுங்கள். இரண்டாவது, என்ன தேவை என்று நூலகரிடம் கேளுங்கள். நன்கொடை பெற அவருக்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டியிருக்கலாம். மூன்றாவது, வேற்று மொழியினரான அயலகத்தாரையும் சேர்த்துக்கொண்டு சிறு குழுவாய்ச் செயல்படுங்கள். பணத்தை ஒருவர் கையில் விடாதிருங்கள். ரசீது இருக்கட்டும், வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம் இருக்கட்டும், வரவும் செலவும் எல்லாரும் காணும்படி ஒட்டப்படட்டும். வீட்டில் கிடக்கும் காலாவதியான பாடநூல்களைச் சுமந்துபோய் நூலகத்தில் தள்ளாதிருங்கள்.

இன்னும் ஒன்றை அன்போடு சொல்லுகிறேன். பொது நூலகம் எல்லா மதத்தாருக்கும் உரியது. ஒருவருக்கும் தெரியாமல் நூல்களுக்குள் கைப்பிரதிகளைச் செருகி வைப்பது நமக்கு நற்சாட்சியாகாது. உடைந்த நாற்காலியைச் சரிசெய்து, ஒரு ரூபாய்க்கும் கணக்குக் காட்டுகிறவர்கள் என்று நூலகரே நம்மைக் குறித்துச் சொன்னால், அதுவே சாட்சி.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம், தாங்கள் வாழும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி கர்த்தர் எரேமியாவைக்கொண்டு சொல்லியனுப்பினார் (எரேமியா 29:7). நம்முடைய பட்டணத்தில் அந்தச் சமாதானம், ஒரு பிள்ளை அமர்ந்து படிக்க ஒரு நாற்காலியாகவும் ஒரு விளக்காகவும் இருக்கலாம். வருகிற சனிக்கிழமை அந்த நூலகத்தின் படியேறிப் பாருங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.