வீட்டைத் தூக்கும் ஜாக்கி

மேற்குத் தாம்பரம் தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் போனால், தெருவிலிருந்து வாசலுக்குப் படி இறங்கிப் போக வேண்டிய வீடுகளைப் பார்க்கலாம். கட்டியபோது அவை தெருவைவிட உயரமாகத்தான் இருந்தன. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. சுரண்டிய பிறகுதான் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். மிக நல்ல உத்தரவு. ஆனால் அதற்குள் பல வீடுகள் பள்ளத்தில் விழுந்துவிட்டன.

2015 டிசம்பர் 1 அன்று கொட்டத் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு கரை மீறி வீடுகளுக்குள் வந்தது. இடிக்கவும் மனமில்லை, அப்படியே விடவும் முடியாது என்றிருந்தவர்கள் பலர், வீட்டை முழுசாகத் தூக்கி உயர்த்தும் ஆட்களைத் தேடினார்கள்.

ஒரு வீட்டை மனிதர்கள் கையால் தூக்க முடியுமா? ஒரு மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 9 அங்குலத் தடிமன் உள்ள செங்கல் சுவரே சுமார் 1,300 கிலோ இருக்கும். வீடு முழுக்கச் சுவர், அதன் மேல் கான்கிரீட் தளம்!

தூக்குவது திருகு ஜாக்கி. காகிதத்தில் ஒரு செங்கோண முக்கோணம் வெட்டி, பென்சிலைச் சுற்றி உருட்டிப் பாருங்கள். சாய்ந்த ஓரம் சுருள் சுருளாக மேலே ஏறும். அதுதான் திருகு: சுற்றி வைத்த ஒரு சாய்தளம். ஜாக்கியின் கைப்பிடி அரை மீட்டர் நீளம், ஒரு சுற்றுக்குத் திருகு 1 சென்டிமீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கை ஒரு சுற்றில் 314 சென்டிமீட்டர் பயணிக்கிறது. சுமை 1 சென்டிமீட்டர்தான் உயர்கிறது. அதனால் கணக்குப்படி விசை 314 மடங்கு பெருகும். அதில் பெரும்பகுதியை உராய்வு தின்றுவிடும். ஆனாலும் உராய்வைத் திட்டாதீர்கள். கையை எடுத்த பிறகும் திருகு பின்னோக்கிச் சுழன்று வீட்டைக் கீழே விடாமல் பிடித்து வைத்திருப்பது அதே உராய்வுதான்.

முதலில் சுவரோரம் கடைக்கால் தெரியும்வரை தோண்டுவார்கள். பிறகு கொஞ்சம் செங்கல்லை உடைத்து எடுத்து, அந்த இடத்தில் ஜாக்கியை நிறுத்தி, அதன் மேல் சுவரைத் தாங்க இரும்புச் சேனலைக் கொடுப்பார்கள். அதை முடித்த பிறகுதான் அடுத்த இடம். இப்படியே சுற்றி வந்தால் வீடு கடைக்காலிலிருந்து பிரிந்து, வரிசையாக நிற்கும் ஜாக்கிகளின் மேல் உட்கார்ந்துவிடும்.

இனிதான் கவனம் தேவை. செங்கல் சுவர் அமுக்கினால் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ தாங்காது. ஒரு மூலை மட்டும் கூடுதலாக ஏறினால் கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். அதனால் மேஸ்திரி குரல் கொடுத்ததும் எல்லா ஜாக்கியையும் ஒரே அளவு திருப்புகிறார்கள். நிறுத்துகிறார்கள், மட்டம் பார்க்கிறார்கள், மறுபடி திருப்புகிறார்கள். அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. மண்ணையும் கடைக்காலையும் பொறியாளர் பார்த்துச் சரி சொல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

வேண்டிய உயரம் வந்ததும் இடைவெளியில் புதுச் சுவர் கட்டி, ஜாக்கிகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். உள்ளே மண் நிரப்பிப் புதுத் தரை போடுகிறார்கள். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், படிக்கட்டு எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும்.

வெள்ளத்தைவிட மெதுவாக வரும் இன்னொரு விருந்தாளி ஓதம். செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே மண்ணின் ஈரம் புவியீர்ப்பை மீறி மேலே ஏறும். இதுதான் நுண்புழை ஏற்றம். நீர் ஆவியாகிப் போகும், அதில் கரைந்திருந்த உப்பு சுவரில் வெள்ளையாகப் பூக்கும், பெயிண்ட் உரியும். ஈரத்தைத் தடுக்க, பேஸ்மட்டத்துக்கு மேல் நீர்புகாப் பொருள் கலந்த சிமென்ட் படலம் போடுவார்கள். கொத்தனார்கள் அதை டி.பி.சி. என்பார்கள். பழைய வீடுகள் பலவற்றில் அது இல்லை. கட்டி முடித்த சுவருக்கு அடியில் அதை நுழைப்பது லேசான காரியமில்லை. வீடு ஜாக்கியில் நிற்கும் நாட்களில் புதுச் சுவரோடு சேர்த்தே போட்டுவிடலாம். உங்கள் தெருவில் யாராவது வீட்டைத் தூக்கினால், டி.பி.சி. போடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.