சுண்ணாம்பு சொல்லும் வேதியியல்

காரைக்கால் என்னும் பெயருக்குப் பொருள் கூறுவோர் பலர். காரை என்பது சுண்ணாம்புச் சாந்து. கால் என்பது வாய்க்கால். ஆகவே காரையால் கட்டிய வாய்க்காலையுடைய ஊர் என்பர் ஒரு சாரார். காரைச் செடியால் அமைந்த பெயர் என்பர் மற்றொரு சாரார். எது சரியென்பதைச் சொல்லாய்வாளர்க்கு விட்டுவிடலாம். ஆனால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூரின் பழைய மாடிவீடுகளும், அண்டையிலுள்ள தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் எழுப்பத் தொடங்கிய கோட்டையும், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் நாகூரில் எழுப்பிய 131 அடி உயரப் பெரிய மனோராவும் சுண்ணாம்பின் துணைகொண்டு நிற்பவை என்பதில் ஐயமில்லை. அச்சுண்ணாம்பினுள் வேதிவினைகளின் ஆற்றல் மாற்றம், வேகம் என்னும் இரு பெரும் பாடங்கள் அடங்கியுள்ளன.

கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட் என்னும் சேர்மத்தால் ஆனது. ஆயிரம் ஆண்டுகள் வெயிலில் கிடந்தாலும் அது சுண்ணாம்பாவதில்லை. காளவாயில் கரியோடு அடுக்கி, ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வரை சூடேற்றினால்தான் அது தன்னுள் இருக்கும் கரியமில வாயுவை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. 100 கிராம் தூய கார்பனேட் இவ்வாறு மாறுவதற்கு 178 கிலோஜூல் வெப்பத்தை உட்கொள்கிறது. 44 கிராம் வாயு வெளியேற, 56 கிராம் எஞ்சுகிறது. வெப்பத்தை உட்கொண்டு நிகழும் இத்தகைய வினையை வெப்பக்கொள்வினை என்பர்.

உட்கொண்ட வெப்பம் எங்கே போயிற்று? அழியவில்லை, சுட்ட சுண்ணாம்பினுள் வேதியாற்றலாய் உறைகிறது. அந்த 56 கிராமைத் தண்ணீரில் இட்டால் சீறிக் கொதித்து 65 கிலோஜூலைத் திருப்பித் தருகிறது. இஃது வெப்ப உமிழ்வினை. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளிப்படும் வெப்பம், நான்கு லிட்டர் அளவுக்குச் சற்றுக் குறைந்த நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பெரியபுராணம் கூறும் நாவுக்கரசர் வரலாற்றில் அவரை இட்ட இடம் நீற்றறை என்பதை மாணவர் நினைவுகூரலாம். அச்சொல்லின் கொடுமை இவ்வெப்பத்தை அறிந்தவர்க்கே முழுதும் விளங்கும்.

நீறிய சுண்ணாம்பு மணலோடு கலந்து சுவரில் ஏறுகிறது. அங்கே காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. அப்போது மேலும் 113 கிலோஜூல் வெளிப்படுகிறது. இனிக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: 65ம் 113ம் சேர்ந்தால் 178. காளவாயில் வாங்கிய கடன் முழுதும் தீர்ந்தது. வட்டியும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. எத்தனை படிகளில் நிகழ்ந்தாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாயின் மொத்த வெப்ப மாற்றமும் ஒன்றே என 1840இல் ஹெஸ் என்னும் அறிஞர் வகுத்த விதி இதுவே.

இங்கே ஒரு வினா எழுகிறது. நீறும்போது வெளிப்படுவது 65. சுவரில் இறுகும்போது வெளிப்படுவது 113. அங்ஙனமாயின், நீறும் சுண்ணாம்பு கையைச் சுட, அதனினும் மிகுந்த வெப்பத்தை உமிழும் சுவர் ஏன் சுடுவதில்லை? விடை வேகத்தில் உள்ளது. முன்னது நிமிடங்களில் முடிகிறது. பின்னது ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. காற்றில் கரியமில வாயு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பத்தாயிரத்தில் ஏறக்குறைய நான்கு பங்கே உண்டு. அதுவும் சாந்தின் நுண்துளைகள் வழியே புகுந்து, அங்குள்ள ஈரத்தில் கரைந்த பின்னரே வினைபுரிய இயலும். வெளிப்படும் வெப்பமோ அவ்வப்போதே காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே ஒரு வினை எவ்வளவு வெப்பம் தரும் என்பது வேறு. எவ்வளவு விரைவில் நிகழும் என்பது வேறு.

வேகத்தை ஆள்பவை சில. வினைபடு பொருளின் செறிவு ஒன்று. பரப்பு மற்றொன்று: கட்டியாயிருக்கும் சுட்ட சுண்ணாம்பைவிடப் பொடித்தது விரைந்து நீறும். வெப்பநிலை மூன்றாவது. மூலக்கூறுகள் வினைபுரிய ஒரு தடையைத் தாண்டவேண்டும். அதற்குரிய ஆற்றலைக் கிளர்வு ஆற்றல் என்பர். வெப்பம் ஏற ஏற அத்தடையைத் தாண்டவல்ல மூலக்கூறுகள் பெருகுகின்றன. இதனை 1889இல் கணித வடிவில் விளக்கியவர் சுவீடன் நாட்டு அர்ரீனியசு. தடையையே தாழ்த்தி வினையை விரைவுபடுத்தும் பொருள் வினையூக்கி எனப்படும்.

இவ்வறிவு ஏட்டோடு நிற்பதன்று. நம் பகுதியில் பழைய வீட்டைப் புதுப்பிப்போர் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசுகின்றனர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை ஏற்று மூச்சுவிடுவதுபோல் வெளியேற்றும். அடர்ந்த சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை உள்ளே அடைக்கும். கடலோர மண்ணிலிருந்து அவ்வீரத்தோடு ஏறும் உப்பு உள்ளே படிகமாகிச் செங்கல்லை அரிக்கும். விரைவில் இறுகுவது எனக் கருதிச் செய்யும் செயல், பல தலைமுறை நின்ற சுவரைச் சில ஆண்டுகளில் உதிர்த்துவிடக்கூடும்.

அதனினும் முக்கியமானது கண். வெற்றிலைக்குரிய சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் அமுக்கி விளையாட, அது வெடித்துக் கண்ணில் தெறித்துப் பார்வை பாதிக்கப்பட்ட நிகழ்வுகளை இந்தியக் கண் மருத்துவர்கள் பலமுறை பதிவுசெய்துள்ளனர். சுண்ணாம்பு வலிய காரம். கண்ணின் மென்திசுக்களோடு அது புரியும் வினை மிக விரைவானது. துகள் ஒட்டியிருக்கும்வரை தொடர்வது. எனவே கண்ணைக் கசக்கலாகாது. துகளைத் துடைத்தெடுத்து, உடனே தூய நீரால் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் இடைவிடாது கழுவி, மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தண்ணீர் பட்டால் மேலும் கொதிக்குமோ என்றஞ்சித் தயங்குதல் கூடாது; மிகுதியான நீர் வெப்பத்தையும் காரத்தையும் சேர்த்தே அகற்றும். அவ்வாறே, சுண்ணாம்பு நீற்றுவோர் அகன்ற கலத்து நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றிச் சுண்ணாம்புக் குவியலின்மேல் சிறிது நீரை ஊற்றலாகாது.

காளவாயின் முன் நின்ற நம் முன்னோர் கிளர்வு ஆற்றல் என்னும் பெயரை அறியார். ஆயினும் எவ்வளவு கரி, எவ்வளவு நேரம், எவ்வளவு நீர் என்பதைக் கையறிவால் அறிந்திருந்தனர். அக்கையறிவோடு இன்றைய நூலறிவையும் சேர்த்துத் தமிழில் வழங்குவது நம் கடமை. மாணவர்கள் இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதாயின், கண் கழுவும் முறையை எடுத்துச் செல்க. இல்லத்தில் வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கும் மூத்தோர்க்கும் அதைச் சொல்லுக.