காந்தத்துக்கு எட்டும் தூரம்

1 செ.மீ. விட்டமும் 1 செ.மீ. உயரமும் உள்ள நியோடிமியம் காந்தத்தை இரும்பு பீரோவில் ஒட்டிவிட்டால், பிடுங்கி எடுப்பதற்குள் நகம் வலித்துவிடும். அதையே ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் இழுப்பே தெரியாது. அத்தனை வலுவும் எங்கே போனது?

காந்தப்புலத்தை டெஸ்லா என்ற அலகால் அளக்கிறோம். இந்தக் காந்தத்தின் முனையில் ஏறக்குறைய அரை டெஸ்லா இருக்கும். முனைக்கு நேரே 10 செ.மீ. தள்ளினால் சுமார் 150 மைக்ரோடெஸ்லா, 20 செ.மீ. தள்ளினால் 19தான். தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிறது. மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒரு பங்கு. காந்தத்தின் இரு முனைகளும் எதிரெதிரானவை. விலக விலக, ஒன்றின் விளைவை மற்றொன்று ஏறக்குறைய அழித்துவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு வேகமான சரிவு.

சரி, காந்தத்தைப் பெரிதாக்கினால்? நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்குங்கள். முனையில் அதே அரை டெஸ்லாதான். ஆனால் 20 செ.மீ. தொலைவில் இப்போது 150 மைக்ரோடெஸ்லா! உருவம் பெருத்தால் முனையில் உள்ள புலம் கூடுவதில்லை; எட்டும் தூரம்தான் கூடுகிறது.

பூமியே இதற்குச் சாட்சி. தமிழ்நாட்டில் அதன் புலம் வெறும் 40 மைக்ரோடெஸ்லா அளவுதான். பக்கத்தில் கொண்டுவந்த சின்னக் காந்தம்கூடத் திசைகாட்டியின் முள்ளைத் திருப்பிவிடும். ஆனால் பூமியின் உருவம் பெரிது. ஆகவே 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள்வரை அதன் புலம் எட்டுகிறது.

மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிகள் பலவற்றின் புலம் 1.5 டெஸ்லா. நம் சின்னக் காந்தத்தின் முனையைவிட மூன்று மடங்குதான். ஆனால் அது ஆள் படுத்தபடி உள்ளே போகும் அளவு பெரிய காந்தம். அறைக்குள் நுழையும்போதே இரும்பை இழுக்கத் தொடங்கிவிடும். கிட்டப் போகப் போக இழுப்பு திடீரென எகிறும். ஆக்ஸிஜன் சிலிண்டரே பறந்துபோய் மோதிய விபத்துகள் நடந்திருக்கின்றன. ஸ்கேன் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் அணைவதில்லை.

சின்னக் காந்தங்களோடு பழகிய கை, ‘ஒரு சாண் தள்ளி நின்றால் போதும்’ என்று நம்பும். எம்.ஆர்.ஐ. அறையில் அந்த நம்பிக்கை ஆபத்து. சாவி, கத்தரிக்கோல், சக்கர நாற்காலி எதுவானாலும் ஊழியரிடம் கேட்காமல் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.