வெறுங்கையுடன் திரும்பும் வாசகர்

ஒரு நூலகம் சிறந்தது என்று எதைக் கொண்டு கூறுகிறோம்? கட்டடத்தின் உயரத்தைக் கொண்டா? இலட்சம் நூல்கள் உள்ளன என்னும் கணக்கைக் கொண்டா? இவை வேண்டுவனவே. ஆயினும், ஒரு நூலை நாடி வந்த மாணவன் அது கிடைக்காமல் வாயிலைக் கடந்து செல்வானாயின், அவனளவில் அந்த இலட்சம் நூல்களும் இல்லாதவையே. வழங்கிய நூல்களுக்குப் பதிவேடு உண்டு. வழங்க இயலாமற்போனவற்றுக்குப் பெரும்பாலும் பதிவேடு இல்லை. நூலகப் பணியைத் திருத்த விரும்புவோர் இந்த இரண்டாம் கணக்கிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் சீர்காழியைச் சேர்ந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள். கணிதப் பேராசிரியராக இருந்த அவர், 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். இலண்டன் சென்று நூலகக் கலை பயின்று மீண்டார். வாசகர் தாமே அலமாரிகளிடையே சென்று நூல்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் தம் நூலகத்தில் கொணர்ந்தார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் காலத்தைக் காத்தல், நூலகம் வளரும் உயிர் போன்றது. இவையே அவ்விதிகள். இவற்றில் ஓரிடத்திலேனும் கட்டடத்தைப் பற்றிய பேச்சு இல்லை. வாசகரே நடுநாயகமாக விளங்குகிறார்.

இனி, வாசகர் வெறுங்கையுடன் திரும்புவது ஏன் என்று ஆராய்வோம். முதற் காரணம், அந்நூலை நூலகம் வாங்காமையே. கேட்டுக் கிடைக்காத நூல்களை அன்றன்றே குறித்து வைத்தால், அடுத்த முறை எவற்றை வாங்குவது என்பதை அக்குறிப்பே காட்டும். விலை மிகுந்த நூலாயின் வேறொரு நூலகத்திலிருந்து இரவலாகப் பெற்றுத் தரலாம்.

இரண்டாவது, நூல் வேறொருவர் கையில் இருப்பது. தேர்வு நெருங்கும் நாளில் ஐம்பது மாணவர் தேடும் நூலுக்கு ஒரே படி இருந்தால் என்ன செய்வது? மேலும் சில படிகள் வாங்கலாம். இரவல் நாட்களைக் குறைக்கலாம். ஒரு படியை நூலகத்திலேயே இருந்து படிப்பதற்கென ஒதுக்கலாம். முன்பதிவு செய்தவருக்கு முறைப்படி வழங்கலாம்.

மூன்றாவது காரணமே மிகவும் வருந்தத்தக்கது. நூல் அங்கேயே இருக்கிறது, கண்ணிற்படவில்லை. பொருளியல் நூல் ஒன்றைத் தாவரவியல் வரிசையில் செருகிவிட்டால், யாரேனும் கண்டெடுக்கும் வரை அது தொலைந்த நூலே. கணினிப் பட்டியல் 'உள்ளது' என்று சொல்லும். கை தேடினால் அகப்படாது. நாள்தோறும் சில அலமாரிகளையேனும் எண்வரிசைப்படி சரிபார்ப்பதன்றி இதற்கு வேறு மருந்தில்லை. பெருஞ்செலவும் இதற்கு இல்லை.

நான்காவதாக, தமக்கு வேண்டுவது இன்னதென்று வாசகரே தெளிவாகக் கேளாமையும் உண்டு. "வரலாற்று நூல்கள் எங்கே உள்ளன?" என்று ஒரு மாணவி வினவுகிறாள். அவள் தேடுவதோ, சோழர் காலத்து ஏரிப் பாசனம் பற்றிய செய்தி. திசையை மட்டும் சுட்டிக் காட்டினால் அவள் நூற்றுக்கணக்கான நூல்களின் முன் திகைத்து நிற்பாள். "எதைப் பற்றி எழுதப் போகிறாய், அம்மா?" என்று நூலகர் இன்முகத்துடன் ஒரு கேள்வி கேட்டாலோ, சில நிமிடங்களில் உரிய நூல் கைக்கு வரும். கூச்சத்தால் கேளாமற் செல்பவரே பலர். கடுஞ்சொல் கேட்டு ஒருமுறை திரும்பியவர் மறுமுறை வருவாரா? ஒரு நூலை இழப்பதைவிட ஒரு வாசகரை இழப்பது பெரிய இழப்பன்றோ?

பொது நூலகங்களுக்கும் இது பொருந்தும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், 1948-இல் சென்னை மாகாணத்தில் தோன்றியதாகும். அதற்கு வித்திட்டவரும் இரங்கநாதன் அவர்களே. வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தும் குடிமக்கள், நூலகத்திற்கு இரவலர் அல்லர், உரிமையாளர். நூலகத்திற்கு வர இயலாதாரை நூலகமே தேடிச் செல்லலாம் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1931-இல் மன்னார்குடியில் மாட்டு வண்டி ஒன்று நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களை நோக்கிப் புறப்பட்டது.

மாணவர்களே, இதில் நூலகருக்கு மட்டும் கடமை உண்டென்று எண்ணிவிடாதீர்கள். பிறர் கண்ணிற் படாதபடி நூலை ஒளித்து வைப்பவர், பக்கத்தைக் கிழிப்பவர், கெடு கடந்தும் திருப்பித் தாராதவர் ஆகியோர் யாரோ ஒரு தோழரை வெறுங்கையுடன் அனுப்புகின்றனர். எடுத்த நூலின் இடம் உறுதியாகத் தெரியாவிடில் மேசைமீதே வைத்துவிடுங்கள். உரிய இடத்தில் சேர்ப்பதை ஊழியர் பார்த்துக்கொள்வர். வேண்டிய நூல் இல்லையெனில் வாளாது திரும்பாமல், அதன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இன்று நீங்கள் எழுதித் தரும் அச்சிறு சீட்டு, நாளை அதே நூலைத் தேடி வரும் மற்றொரு மாணவரின் கையை நிறைக்கும்.