இரண்டு விமானங்களுக்கு நடுவே சென்னை!

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)

விமானப் பயணம் என்றால் ஏறினோம், இறங்கினோம் என்று முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு விமானத்தில் இறங்கி, அடுத்த விமானத்துக்காக எட்டு மணி, பத்து மணி நேரம் காத்துக் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். நம்மில் பலர் நாளை வெல்டராக, ஃபிட்டராக, சூப்பர்வைசராக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகப் போகிறவர்கள். அந்தக் காத்திருப்பு நேரத்தில் ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று நானே செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

என் தாய்மாமா மஸ்கட்டில் வெல்டர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கம்பெனி எடுத்துத் தரும் டிக்கெட் எப்போதும் சென்னை வழியாகத்தான். விடியற்காலையில் சென்னையில் இறங்கினால், தூத்துக்குடி விமானம் மதியம் 2.30க்கு. மூன்று முறை இப்படி வந்தும், மூன்று முறையும் டிராலி வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்திருக்கிறார். "மாமா, நீங்க சென்னையைப் பாத்ததே இல்லையா?" என்று போனில் கேட்டேன். "பாத்திருக்கேன்ல மாப்ள, மேல இருந்து!" என்றார்.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படி ஏறிய முதல் ஆள் நான். அதற்குப் பணம் கட்டியவர் அவர். "இந்தத் தடவை நான் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மறுநாள் காலை அவருடைய மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை அவர் ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தும்போது அப்பா இல்லை என்றால், அந்தப் பழி என் தலையில்தானே விழும்! அம்மா வேறு, "விமானத்தை மட்டும் விட்டீங்க, வீட்டுப் பக்கம் வராதே" என்று எச்சரித்துவிட்டார்.

முதலில் கணக்கு

திட்டமிடலில் ஒரு வேலைக்குப் பின் எந்த வேலை என்று அம்புக்குறி போட்டுப் படிக்கிறோம் அல்லவா? அதையே இங்கும் செய்தேன். ஆனால் இறங்கும் நேரத்திலிருந்து தொடங்கவில்லை. ஏறும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட்டேன்.

விமானம் 2.30. பெட்டியை ஒப்படைக்கும் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு போவது நல்லது. ஆக 12.30க்கு விமான நிலைய வாசலில் நிற்க வேண்டும். (பன்னாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம்.)

அடுத்து முன் பக்கம். மஸ்கட் விமானம் காலை 5 மணிக்கு. வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்குக் குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே நடக்கும். அதற்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். ஆக 6.30. இடையில் இருப்பது ஆறு மணி நேரம். இதில் ஒரு மணி நேரத்தைத் தொடவே கூடாத கையிருப்பாக ஒதுக்கினேன். மீதி ஐந்துதான். அன்று விமானம் 35 நிமிடம் தாமதம்! கையிருப்பு இருந்ததால் கை நடுங்கவில்லை.

சாலையா, தண்டவாளமா?

மாமா முதலில் கேட்டது கடற்கரை இல்லை. "உன் காலேஜைக் காட்டு மாப்ள" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் விமான நிலையத்திலிருந்து அம்பத்தூருக்கு நேர் ரயில் கிடையாது. பைபாஸில் காரில் போகலாம். ஒரு லாரி குறுக்கே நின்றாலும் கணக்கு கெட்டுவிடும். மெட்ரோவில் ஆலந்தூரில் மாறி, திருமங்கலத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் என்றால் போகவர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். "அடுத்த தடவை மாமா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இங்கே ஒரு விதி சொல்கிறேன். குறைந்த நேரத்தில் ஊர் பார்க்கிறவன் சாலையை நம்பக் கூடாது, தண்டவாளத்தை நம்ப வேண்டும். மெட்ரோ ரயிலுக்குத் தனிப் பாதை, சிக்னலில் லாரியோடு போட்டி இல்லை. சென்னை விமான நிலையத்துக்கு மெட்ரோ 2016 செப்டம்பரில் வந்தது. 2019 பிப்ரவரியில் நீலப் பாதை அண்ணா சாலை வழியாகச் சென்ட்ரலையும் தாண்டி வண்ணாரப்பேட்டை வரை நீண்டது. கட்டணம் ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். மெட்ரோ இல்லையென்றாலும், ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறம் திரிசூலம் மின்சார ரயில் நிலையம் இருக்கிறது. ஏறினால் எழும்பூர், கடற்கரை நிலையம் வரை போகலாம்.

பெட்டியை என்ன செய்வது?

பாதிப் பேர் வெளியே வராததற்குக் காரணம் பெட்டிதான். இரண்டு பெரிய பெட்டியோடு மெட்ரோவில் ஏறி, ஸ்கேனரில் வைத்து எடுத்து, படி ஏறுவது முடியாத காரியம். என் வகுப்புத் தோழன் வீடு நங்கநல்லூரில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து இரண்டாவது மெட்ரோ நிலையம். ஆட்டோவில் போய்ப் பெட்டிகளை அங்கே இறக்கினோம். அவன் அம்மா கொடுத்த இட்லியைச் சாப்பிட்டோம். பாஸ்போர்ட், டிக்கெட், பணம் மூன்றும் மாமாவின் சட்டைக்குள் தொங்கும் பையில். பாஸ்போர்ட்டை மட்டும் எந்தப் பெட்டியிலும் வைத்துவிடாதீர்கள்.

என்ன பார்த்தோம்?

இதில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தைத்தான் முதலில் எழுதி வைத்திருந்தேன். அங்குள்ள செப்புத் திருமேனிகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் மாமா வந்தது வெள்ளிக்கிழமை. அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை! முந்தின நாள் இரவுதான் தெரிந்தது. விடுமுறை நாளைப் பார்க்காமல் பட்டியல் போடாதீர்கள். கோயில்களும் பெரும்பாலும் மதியம் நடை சாத்திவிடும்.

எட்டு மணிக்கு மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து மெரினா போனோம். கடலைப் பத்து நிமிடம் பார்த்த மாமா, "இதைத்தானே மஸ்கட்லயும் பாக்கேன்" என்று திரும்பிவிட்டார். அவரை நிறுத்தியது உழைப்பாளர் சிலை. பெரும் பாறையை நகர்த்தும் நான்கு தொழிலாளர்கள். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். நிறுவியது 1959 ஜனவரி 25. இதே சென்னைக் கடற்கரையில்தான் 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, மாமா சிலையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருத்தன் கால்லயும் செருப்பு இல்ல பாரு" என்றார். எங்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் ஷூ போடாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். அது ஏன் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

பத்தரைக்குள் ஆலந்தூர் திரும்பி, ஆட்டோவில் பரங்கிமலை உச்சிக்குப் போனோம். விமான நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் சுமார் 300 அடி உயரக் குன்று இது. மேலே போர்ச்சுக்கீசியர் 1523இல் கட்டிய மாதா கோயில் இருக்கிறது.

சிவில் நண்பர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் இந்த மலையடியிலிருந்துதான் இந்திய நில அளவையின் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்க 57 நாள் பிடித்தது. ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்களைக் கணக்கிலேயே காணலாம் அல்லவா? அப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கி இமயமலை வரை போனார்கள். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவிக்க முடிந்ததற்கு முதல் சங்கிலி விழுந்த இடம் நம் பரங்கிமலை!

மாமா சுவரோரம் நின்று கீழே பார்த்தார். ஓடுபாதை முழுதும் தெரிந்தது. ஒரு விமானம் எங்கள் கண்ணெதிரே இறங்கியது. "மூணு தடவையும் நான் இதுக்குள்ளதான் இருந்திருக்கேன்" என்றார். பிறகு, "உன் காலேஜ் எந்தப் பக்கம் மாப்ள?" என்று கேட்டார். வடமேற்கே கை காட்டினேன். கட்டடம் எதுவும் தெரியவில்லை, புகைமூட்டம்தான். "எவ்வளவு தூரம் இருக்கும்?" "நேர்கோட்டில் பன்னிரண்டு, பதிமூணு கிலோமீட்டர் மாமா." கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போவோம். நேரமாச்சு" என்றார்.

12.10க்கு விமான நிலைய வாசல். டிக்கெட் இல்லாதவன் உள்ளே போக முடியாது, நான் வெளியிலேயே நின்றுகொண்டேன். காதுகுத்துக்கு மாமா போய்ச் சேர்ந்தார். அம்மா என்னை வீட்டுக்குள் விட்டார்!

வெளிநாட்டில் என்றால்?

இதே கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் அங்கே முதல் கேள்வி விசா. விசா தேவைப்படும் நாட்டில் அது இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் ஐந்தரை மணி முதல் 24 மணி நேரம் வரை காத்திருக்கும் பயணிகளுக்கு இலவச ஊர்சுற்றல் உண்டு. அதற்கும் நுழைவு அனுமதி வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.

சுருக்கமாக: ஏறும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஒரு மணி நேரத்தைத் தொடாதீர்கள். தண்டவாளத்தை ஒட்டியே சுற்றுங்கள். விடுமுறை நாளைப் பாருங்கள். பத்து இடம் வேண்டாம், இரண்டு போதும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அடுத்த லீவுக்கு மாமா ஒரு நாள் கூடுதலாகக் கேட்டிருக்கிறார். அப்போது நம் பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வெல்டர் சுற்றிப் பார்ப்பதை நீங்கள் காணலாம். பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள் நண்பர்களே!