கைமாறும் ஸ்போர்ட்ஸ் காரும் தேய்மானக் கணக்கும்

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களில் படிப்பை முடித்து நல்ல சம்பளத்தில் அமர்ந்துவிட்ட பிள்ளைகள் இன்று பலர் உளர். அவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை பிறப்பது வியப்பன்று. புதியது எட்டாத விலை. பழையதோ பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று தந்தையாரிடம் வந்து நிற்கிறார்கள். பாதி விலை என்பது லாபமா, அல்லது அவ்வண்டியின் பெறுமதியே அவ்வளவுதானா என்று தீர விசாரிப்பது பெரியவர்களின் கடமை. பல வீடுகளில் முன்பணமாகப் போவது அவர்களுடைய சேமிப்பே அன்றோ! ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதிப் பழகியவன் என்ற உரிமையில் சில விவரங்களை ஈண்டு எழுதுகிறேன்.

ஷோரூமை விட்டு வெளியேறிய நாள்முதல் வண்டியின் மதிப்புக் கரையத் தொடங்குகிறது. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் கைக்கொள்ளும் அட்டவணையைப் பாருங்கள்: ஆறு மாதம் வரை நூற்றுக்கு 5, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 கழிக்கிறார்கள். வண்டி களவு போனாலும், அடியோடு சிதைந்தாலும், இவ்வாறு கழித்த மதிப்பை வைத்தே பணம் தருவார்கள். ஐந்தாண்டுக்கு மேற்பட்டால் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி முடிவு செய்வதே மதிப்பு.

இவ்வட்டவணை எல்லாக் கார்களுக்கும் பொது. சந்தையோ அப்படிப் பொதுவாகப் பார்ப்பதில்லை. சித்தூரில் ஒரு சிறிய குடும்பக் காரை விற்க முனைந்தால் நாலு பேர் வந்து கேட்பார்கள். இரண்டே கதவும், வேகத்தடையில் உராயும் தாழ்ந்த அடிப்பாகமும் உடைய காரை யார் கேட்பார்? திருமலைப் பாதையில் குறித்த நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அபராதம். அங்கே அதன் வேகத்துக்கும் வேலையில்லை!

போர்டு கம்பெனியின் மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1964 முதல் பெயர் பெற்ற அவ்வண்டி, 2016இல் இந்தியாவுக்கு இறக்குமதியாகி வந்தபோது டில்லி ஷோரூம் விலை 65 லட்ச ரூபாய். ஐந்தாம் ஆண்டில், மேற்படி அட்டவணைப்படி, 32½ லட்சம். ஐந்தாண்டு முடிந்த சமயத்தில், 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாகப் போர்டு அறிவித்தது. சென்னைக்கு அருகேயுள்ள மறைமலைநகர்த் தொழிற்சாலையின் கடைசிக் கார் 2022இல் வெளிவந்தது. சர்வீஸும் உதிரிப் பாகங்களும் தொடரும் என்று கம்பெனி சொன்னது உண்மை. ஆயினும் வாங்க வருபவர் மனத்தில் ஐயம் புகுந்துவிட்டால் பேரம் அவர் பக்கமே சாயும்.

வரியும் விலையை அசைக்கிறது. பெரிய கார்களுக்குச் செஸ் உட்பட 45 முதல் 50 சதவீதம் வரை இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆயிற்று. புதிய கார் மலியும்போது பழையதை வைத்திருப்பவர் ஒரு குற்றமும் செய்யாமலே நஷ்டப்படுகிறார்.

பழமை ஏற ஏற விலையும் ஏறும் என்று வாதிக்கும் பிள்ளைகளும் உண்டு. வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த ஹெரால்டு போன்ற பழங்கார்களைத் தேடி வாங்கும் ரசிகர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் 2021இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியே பாரம்பரிய வண்டியாகப் பதிவு பெறும். அதையும் அன்றாடம் ஓட்டலாகாது. அதுவரை காத்திருப்பது நம் பேரர்களின் வேலை.

நமக்கு வேலூரும் சென்னையும் அண்மையில் இருப்பதால் தமிழ்நாட்டுப் பதிவுள்ள கார்கள் எளிதில் அகப்படும். இங்கேதான் கணக்குத் தவறுகிறது. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் ஆந்திரப் பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. ஆபீஸின் தடையில்லாச் சான்று தேவை. வண்டிமேல் கடன் இருந்தால் பாங்கின் சம்மதமும் வேண்டும். பின்னர் இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். விலையுயர்ந்த காருக்கு இது சிறு தொகையன்று. விற்பவர் சொல்லும் விலையோடு இதையும் கூட்டிப் பார்த்தால், ‘பாதி விலை’ பாதியாக இராது. பேரம் பேசுவதற்கு முன், அதே காரை மூன்றாண்டு கழித்து என்ன விலைக்குக் கேட்பீர்கள் என்று இரண்டு தரகர்களிடம் விசாரிப்பது நல்லது. அவர்கள் தயங்கும் தயக்கமே பாதி விடை.

வண்டியைப் பார்க்கும்போது நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். அடிப்பாகத்துக் கீறல், கிளட்ச், டயர், சர்வீஸ் புத்தகம் ஆகிய நான்கையும் அவர் பார்த்தாக வேண்டும். வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்கப்பட்ட வண்டி என்பதை மறக்கலாகாது.

விற்பவருக்கும் ஒரு சொல். மாற்றல் உத்தரவு வந்து ஊரை விட்டுப் புறப்படும் அவசரத்தில், பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவோர் பலர். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரும், 30 நாளுக்குள் வாங்கியவரும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்துக்கு நஷ்ட ஈடு தரும் பொறுப்பு அவருடையதே என்று 2018இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 29ஆம் படிவத்தை அளித்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பெயர் மாறிவிட்டதா என்பதைப் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.